தாய்மொழியில் வளர்ந்த வேதியியல்

(ஆம்பூரில் ஆற்றிய உரை)

தோல் பதனிடும் தோழர்களே!

நீங்கள் நாளும் கையாளும் தோல், சங்கிலிபோல் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அன்று ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும், இன்று பெரும்பாலும் குரோமிய உப்பாலும் அச்சங்கிலிகளைப் பிணைத்து, தோல் அழுகாமற் காக்கின்றீர்கள். அத்தகைய நெடுஞ்சங்கிலிப் பொருளொன்றில் மின்சாரத்தையே ஓடச்செய்த வேதியியற் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

சப்பானியரான இதெக்கி சிரக்காவா 1936-இல் தோக்கியோவில் பிறந்தார். 1967-இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, உடனிருந்த ஒருவர் வினையூக்கியை ஆயிரம் மடங்கு மிகுதியாக இட்டுவிட்டார். கரும்பொடி விளையவேண்டிய கலத்தில் வெள்ளிபோல் மின்னும் மெல்லேடு படர்ந்திருந்தது. பிழையென்று அதனைக் கொட்டிவிடவில்லை சிரக்காவா. அது ஏன் விளைந்தது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1975-இல் தோக்கியோவுக்கு வந்த பேராசிரியர் மாக்டயர்மிட் அவ்வேட்டைப் பற்றி அறிந்து வியந்து, அவரை அமெரிக்காவிற்கு அழைத்தார். மறு ஆண்டில் பென்சில்வேனியாவில், இயற்பியலறிஞர் ஈகரும் உடனுழைக்க, அயோடின் போன்றவற்றின் ஆவியை ஏற்றியபோது அவ்வேட்டின் மின்கடத்துதிறன் கோடி மடங்கு பெருகிற்று! 2000-இல் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். இன்று கைப்பேசித் திரைகள் பலவற்றில் ஒளிர்பவை கரிமச் சேர்மங்களே.

இதில் நமக்கென்ன பாடம்? சிரக்காவா வேதியியலைக் கற்றது தம் தாய்மொழியில். கண்டதை உலகுக்கு ஆங்கிலத்தில் அறிவித்தார், ஆனால், 'ஏன்?' என்ற முதல் வினா அவருள் எழுந்தது சப்பானிய மொழியிலன்றோ? தாய்மொழியில் அறிவியல் கற்க முடிந்தமை தம் நாட்டின் வலிமை என்று பின்னாளில் அவரே கூறினார்.

இங்கோ, நம் நிலை என்ன? மூவிணைதிறக் குரோமியம் தோலைப் பதப்படுத்துவது. அறுவிணைதிறக் குரோமியமோ புற்றுநோய் தரும் நஞ்சு. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையொன்று விட்டுச்சென்ற அந்நஞ்சு, நிலத்தடி நீரிற் கலந்தது. இவ்விரண்டின் வேறுபாட்டைத் தொழிலாளிக்கு அவன்மொழியில் எத்தனை பேர் எடுத்துரைத்தோம்? புரியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை, எழுதாத எச்சரிக்கையே!

எனவே, இங்கு வந்துள்ள வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் தமிழை வாழ்த்தியது போதும். நாளையே ஒரு தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். அங்குள்ள ஒவ்வொரு பீப்பாயின் மீதும் அதன் பெயரையும் தீங்கையும் தமிழில் எழுதுங்கள். தொழிலாளி கேட்கும் வினாக்களுக்குத் தமிழிலேயே விடை கூறுங்கள். அவ்வினாக்களிலிருந்தே நம் சிரக்காவாவும் தோன்றக்கூடும்.