கரையில் கிடக்கும் படகும் கேமராவும்



விடுமுறை நாளில் பினாங்குக் கடற்கரைக்குப் போனால் கேமராவும் கையுமாக நாலு பேரையாவது பார்க்கலாம். கைப்பேசியே கேமராவாகிவிட்ட காலமல்லவா! ஓட்டைச் சம்பான், பாசி பிடித்த கயிறு, துருவேறிய நங்கூரம் என்று கண்டதையெல்லாம் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் இருப்பது வெறும் பழைய சாமான். ஏன் அப்படி?

நின்ற உயரத்திலேயே, பொருளை நட்டநடுவில் வைத்து எடுப்பதுதான் காரணம். அப்போது படகின் விளிம்பும் அடிவானக் கோடும் ஒட்டிக்கொள்கின்றன. முழங்காலிட்டுப் பாருங்கள், படகின் முனை வானத்தில் தனியாக எழும். முனை கடலைப் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் தாராளமாக இடம் விடுங்கள். இனிப் போக முடியாத தூரம் படத்தில் தெரியும். சட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் விதி தொடக்கத்தில் ஓர் ஊன்றுகோல், அவ்வளவே.

வெளிச்சத்துக்கு இடமறிந்து போக வேண்டும். ஜோர்ஜ்டவுன் கரை கிழக்கு நோக்கியது. வெல்ட் கீயில் சீனக் குலத்தவரின் மரவீடுகள் நிற்கும் ஜெட்டிகளில், சூரியன் பெருநிலப் பக்கமிருந்து காலையில் எழும். மாலை ஒளி வேண்டுமென்றால் பாலிக் புலாவ் பக்கம் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் இளவெயில் சீக்கிரமே போய்விடும். பகல் ஒரு மணிக்கு மேல் உச்சி வெயிலில் நிழலே இராது, மரத்தின் வெடிப்பும் தெரியாது. நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டால் ஈரச் சேறு கண்ணாடியாகிவிடும்.

பின்னணிதான் பெரிய சிக்கல். தஞ்சோங் தோக்கோங்கில் படகை எடுப்பவர்கள் அடுக்குமாடிகள் தெரியாதபடி கோணம் தேடுகிறார்கள். அழகுக்காகச் செய்வது. ஆனால் அந்தக் கட்டடங்களில் பல கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை. பழைய மீனவக் கிராமத்தின் படகுக்குப் பின்னால் அவை தெரிந்தால்தானே படம் பேசும்?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். அன்று உடைந்த படகுகளைப் பக்கத்துக் கெடாவின் கோத்தா கோலா மூடாவில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஒரு படகின் உடைந்த பலகையை மட்டும் நெருங்கி எடுத்தால் அது எந்த ஊர்ப் பலகையாகவும் இருக்கலாம். இரண்டடி பின்வாங்கி, பக்கத்துப் படகும் சட்டத்துக்குள் வரட்டும். ஓர் ஊரே இழந்தது என்பது அப்போதுதான் புரியும்.

இன்னொன்று. கவிழ்ந்து கிடப்பதெல்லாம் கைவிடப்பட்டது ஆகாது. பழுது பார்க்கவும் கவிழ்த்து வைப்பார்கள். செருப்பையோ வலையையோ அழகுக்காக நகர்த்தி வைக்காதீர்கள். பக்கத்துக் கொட்டகையில் ஆள் இருந்தால், "பாக்சிக், இது யார் படகு?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டோம் என்று அவர் சொல்லக்கூடும். அப்படியானால் முனையை விட்டுவிட்டுப் படகின் பின்பக்கம் போங்கள். இயந்திரம் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கும்.