கருப்பைக் கட்டியும் கருப்பைக்குள் வைக்கும் மருந்தும்

மாதவிடாயின்போது அளவுக்கு மிஞ்சிய உதிரப்போக்கினால் வாடும் பெண்கள் நம்மிடையே பலர் உளர். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று தாய் சொல்லுகிறாள், மகளும் பொறுத்துக்கொள்கிறாள். நாலு வாளி தண்ணீர் அள்ளினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முகம் வெளிறுகிறது. இது விதியன்று, குருதிச்சோகை. இதற்குக் காரணமாகும் நோய்களுள் ஒன்று கருப்பையின் தசைநார்க் கட்டி.

கட்டி என்றதும் புற்றுநோயோ என அஞ்சவேண்டாம். கருப்பையின் சுவர் தசையாலானது. அத்தசையிலிருந்தே இக்கட்டி உண்டாகின்றது. இது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பெண்ணுடலில் ஊறும் ஈஸ்திரோஜன், புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன்கள் இதனை வளர்க்கின்றன. ஆகவே மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். தொல்லை தராத கட்டிக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை.

தொல்லை மிகுந்தால் கருப்பையையே அகற்றுவது ஒரு காலத்தில் பெருவழக்காயிருந்தது. இன்று வேறு வழிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, கருப்பைக்குள் வைக்கப்படும் ஓமோன் சாதனம். பின்லாந்து வைத்தியரான தபானி லூக்கைனென் முன்னின்று உருவாக்கிய இச்சாதனம், 1990ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவிலமைந்த சிறு பிளாஸ்டிக் துண்டு அது. அதிலுள்ள 52 மில்லிகிராம் லெவோனோர்ஜெஸ்திரல் என்னும் மருந்து, தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கசிகின்றது. அதனால் கருப்பையின் உட்சவ்வு மெலிகின்றது. மெலியவே உதிரப்போக்குக் குறைகின்றது.

அப்படியானால் கட்டி கரைந்துவிடுமா? கரையுமென்று நம்பியிருத்தல் கூடாது. கட்டி அப்படியே இருக்கலாம். ஆனால் வீணாகும் குருதி உடலில் தங்கும். அதுவே இதன் பயன். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததாய், கருப்பையின் உட்குழியைக் கோணலாக்காத கட்டிகளுக்கு இதனை முதற் சிகிச்சையாகக் கருதலாமென்பது 2018ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான வழிகாட்டலின் கருத்து. உட்குழியினுள் புடைத்து நிற்கும் கட்டியாயின், சாதனம் வெளியே நழுவிவிடக்கூடும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு இது ஆகாது. பிள்ளைப்பேற்றை விரும்புவோருக்கும் இது அவ்வேளைக்கு ஏற்றதன்று. சாதனம் உள்ளிருக்குமட்டும் கருத்தரிப்பும் தடைப்படும். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் தன்மை மீளும்.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள்வரை ஒழுங்கின்றிச் சிறிது சிறிதாக உதிரம் படலாம். அதுகண்டு மனந்தளர்ந்து, பயன் தெரியுமுன்னரே சாதனத்தை எடுப்பித்துவிடுவோர் உண்டு. பொறுமை வேண்டியது இங்கேதான். நோயைச் சகிப்பதில் அன்று.

ஆகவே, உதிரப்போக்கு மிகுந்தால் வைத்தியரிடம் கூசாது கூறுங்கள். குருதிப் பரிசோதனையும் ஸ்கான் பரிசோதனையும் நிலைமையைத் தெளிவாக்கும். இரும்புச்சத்து மாத்திரை தந்தால், அதனைத் தேநீருடன் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். தேநீர் அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். மாதவிடாய் முற்றாக நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், ஒரு துளியேயாயினும் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.