நிரல் தொகுப்பும் செயற்கை நுண்ணறிவும்: மின்கணக்கில் தமிழின் இடம்



1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை நம் பினாங்கில் நிறுவியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சில்லுகளோடு வாழ்ந்துவரும் நாம், அச்சில்லுகள் உண்ணும் மின்சாரத்தின் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மனிதர் எழுதும் நிரல் மூலநிரல் எனப்படும். அதனைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றுவதே தொகுத்தல். ஜென்டூ லினக்ஸைப் பயன்படுத்துவோர் பெரும்பாலான மென்பொருள்களைத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்வது வழக்கம். பெரிய உலாவி ஒன்றைத் தொகுக்கப் பல மணி நேரம் ஆகலாம். 200 வாட் கொள்ளும் கணினி 5 மணி நேரம் உழைத்தால் 1000 வாட் மணி, அதாவது 1 யூனிட் செலவாகும்.

இதற்கு எதிரே, தன் ஜெமினி செயலியில் எழுத்து வினா ஒன்றுக்கு ஆகும் இடைநிலைச் செலவு 0.24 வாட் மணி என்று கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அக்கணக்கின்படி 1 யூனிட்டில் ஏறத்தாழ 4000 வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

அப்படியாயின் செயற்கை நுண்ணறிவே சிக்கனமானது என்று முடிவுகட்டலாமா? கூடாது. அவ்வெண்ணில் மொழிமாதிரியைப் பயிற்றுவிக்கும் செலவு அடங்கவில்லை. 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 மாதிரியின் பயிற்சிக்கு மட்டும் ஏறத்தாழ 1,287,000 யூனிட் ஆகியிருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். மேலும், ஒருமுறை தொகுத்த மென்பொருள் அடுத்த பதிப்பு வரும்வரை பயன்தரும்; வினாக்களோ நாள்தோறும் கோடிக்கணக்கில் எழுகின்றன. ஒவ்வொரு விடைக்கும் கணிப்பு பெரும்பாலும் புதிதாகவே நிகழ்கிறது. உலகத் தரவு மையங்கள் அனைத்தும் 2024இல் கொண்ட மின்சாரம் உலகப் பயன்பாட்டில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு என்பது பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீடு. நம் நாட்டின் ஜொகூர் மாநிலத்திலும் இத்தகைய மையங்கள் விரைந்து பெருகிவருகின்றன.

இக்கணக்கில் தமிழின் இடம் யாது? மொழிமாதிரி எழுத்தை நாம் படிப்பதுபோல் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக நறுக்கியே படிக்கிறது. பயிற்சிக்குக் கிடைத்த உரையில் அடிக்கடி வரும் சொற்கள் முழுத்துண்டாக நிற்கும். அருகி வருபவை சிதறும். யூனிகோடில் யூடிஎஃப்-8 முறைப்படி ‘தமிழ்’ என்னும் சொல் 5 குறியீடுகள், 15 பைட்டுகள். உரை வளம் குறைந்த மொழியின் சொற்கள் இந்தப் பைட்டு நிலைவரை சிதைவதுண்டு. துண்டுகள் கூடக்கூடக் கணிப்பும் மின்செலவும் கூடும்.

2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டுகள், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. துண்டுப்பட்டியலைத் திருத்தியமைத்ததால் மட்டும் தமிழின் சுமை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது. எஞ்சிய இடைவெளியையும் குறைக்க இயலும் என்பதை இது காட்டுகிறது.

ஆங்கே நம் பணி தொடங்குகிறது. பிழையற்ற தமிழ் உரைகளை யூனிகோடில் ஏற்றி, யாவரும் எடுத்தாளத் திறந்துவைப்போமாக. பள்ளி ஆண்டுமலர்கள், இலக்கிய இதழ்கள், கலைச்சொற் பட்டியல்கள் ஆகியவை நம்மிடமே உள்ளன. படைத்தோரின் இசைவோடு அவற்றை எண்மமாக்குதல் மொழித்தொண்டு மட்டுமன்று. தமிழில் வினவுவோர்க்கு ஆகும் மின்செலவையும் குறைக்க உதவும் பணியாகும்.

மாணவர்களே, அகராதியில் காணத்தக்க சொற்பொருளை அகராதியிலேயே காணுங்கள். சங்கப் பாடல்களை எட்டுத்தொகையாகத் தொகுத்தோர் ஒருமுறை உழைத்தனர், தலைமுறைகள் பயன்கொள்கின்றன. வகுப்பில் ஒருவர் பெற்று, ஆசிரியர் சரிபார்த்த விடையை அனைவரும் பகிர்ந்துகொள்வதும் அவ்வழிப்பட்டதே.