அமெரிக்க அரசியலில் கட்சியும் குழுவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் யாப்பு 1787 ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் வரையப்பெற்றது. சனாதிபதியின் கடமைகள், காங்கிரஸின் அதிகாரங்கள், நீதிமன்றத்தின் நிலை ஆகிய யாவும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆயின், அரசியற் கட்சியைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. யாப்பை வகுத்தோருட் பலர், கட்சி நாட்டைப் பிளக்கும் நோயென்றே கருதினர். முதற் சனாதிபதியாகிய ஜோர்ஜ் வாஷிங்டன், 1796 ஆம் ஆண்டில் மக்களுக்கு விடுத்த பிரியாவிடைச் செய்தியிலே, கட்சி மனப்பான்மையின் கேடுகளை எடுத்துரைத்தார்.

அவ்வெச்சரிக்கை பயன் தரவில்லை. அக்காலத்தில் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் இருந்தன. கூடிய வாக்குப் பெற்றவர் சனாதிபதியாகவும் அடுத்தவர் உப சனாதிபதியாகவும் அமர்வர். 1800 ஆம் ஆண்டுத் தேர்தலிலே, ஒரே கட்சியினரான தோமஸ் ஜெபர்சனும் ஆரன் பேரும் 73 வாக்குகள் வீதம் சமமாகப் பெற்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே, 1801 பெப்ரவரியில் ஜெபர்சன் தெரிவானார். இத்தகைய இடர் மீண்டும் நேராதிருக்க, 1804 ஆம் ஆண்டில் 12 ஆவது திருத்தம் நிறைவேறிற்று. கட்சியை எண்ணிப் பாராத யாப்பு, கட்சியின் பொருட்டே திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இத்துணைப் பரந்த நாட்டில் இரண்டு கட்சிகளே ஓங்கி நிற்பது ஏன் என நேயர் சிலர் வினவக்கூடும். அதற்குத் தலையாய காரணம் தேர்தல் முறையே. பிரதிநிதிகள் சபைக்குத் தொகுதிக்கு ஒருவரே தெரிவாகின்றார். தோற்றவருக்குக் கிடைத்த வாக்குகளுக்குப் பயனில்லை. சனாதிபதித் தேர்தலில் மொத்தத் தேர்வாளர் 538 பேர். வெற்றிக்கு 270 பேரின் ஆதரவு வேண்டும். 48 மாநிலங்களில், முதலிடம் பெறும் அபேட்சகருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியர். 1992 ஆம் ஆண்டில் றொஸ் பெரோ என்பார் இரு கட்சிகளையும் சாராது போட்டியிட்டு, நூற்றுக்கு ஏறக்குறைய 19 வாக்குகளைப் பெற்றார். ஆயினும் அவருக்குத் தேர்வாளர் ஒருவரேனும் கிடைத்திலர். 2000 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும், நாடளாவிய வாக்குகளிற் பின்தங்கியவரே சனாதிபதியானார். எனவே, மூன்றாம் கட்சிக்கு வாக்களிப்பது வீண் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது.

அவ்வாறாயின், இரு கட்சிகளிலும் இடம் பெறாத அபிப்பிராயம் எவ்வழி செல்லும்? அங்குதான் நலன் பேணும் குழுக்கள் தோன்றுகின்றன. அரசாங்கத்திடம் முறையிடும் உரிமையை, 1791 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட முதலாவது திருத்தம் மக்களுக்கு உறுதிசெய்துள்ளது.

மதுவிலக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். 1869 ஆம் ஆண்டில் மதுவிலக்குக் கட்சி தொடங்கப்பெற்றது. அது சனாதிபதித் தேர்தல்கள் பலவற்றிற் போட்டியிட்டும், தேர்வாளர் ஒருவரையும் வென்றதில்லை. 1893 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் மதுச்சாலை எதிர்ப்புச் சங்கம் உருவாயிற்று. அது வேறு வழியை நாடிற்று. அபேட்சகர் எக்கட்சியினர் என்று அது கேட்கவில்லை. மதுவிலக்கை ஆதரிப்பாரா என்று மட்டுமே கேட்டது. ஆதரித்தவருக்குத் தன் அங்கத்தவரின் வாக்குகளைத் திரட்டித் தந்தது. மறுத்தவரை வீழ்த்த முனைந்தது. 1905 ஆம் ஆண்டில் ஒகையோ ஆளுநர் மைரன் ஹெறிக் தோல்வியுற்றதில் அச்சங்கத்தின் எதிர்ப்புக்குப் பெரும்பங்குண்டு. இரு கட்சி உறுப்பினரும் அஞ்சினர். 1919 ஆம் ஆண்டில் 18 ஆவது திருத்தம் உறுதியாகி, மறு ஆண்டு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்சியால் இயலாததை ஒரு சங்கம் சாதித்தது.

இது இயன்றதன் காரணமும் கருதத்தக்கது. பாராளுமன்ற ஆட்சி முறையிற் போன்று, அமெரிக்கக் கட்சித் தலைவர் தம் உறுப்பினரை எளிதிற் கட்டுப்படுத்த முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பரவிய முன்னோடித் தேர்தல்களில், அபேட்சகரை வாக்காளரே தெரிவு செய்கின்றனர். ஆதலின், தலைவரின் கட்டளையிலும் தம் தொகுதியிலுள்ள உறுதிமிக்க ஒரு சிறு கூட்டத்தின் சினமே உறுப்பினரைப் பெரிதும் அச்சுறுத்தும்.

தேர்தல் வழி அடைபட்டோர்க்கும் குழுவே துணையாயிற்று. தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாக்களிக்க இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்தனர். அக்காலத்தில், 1909 ஆம் ஆண்டில் தோன்றிய நிற மக்கள் முன்னேற்றத் தேசிய சங்கம் நீதிமன்றத்தை நாடிற்று. அதன் வழக்கறிஞர் நடத்திய வழக்கிலேதான், பொதுப் பாடசாலைகளில் இனப் பாகுபாடு யாப்புக்கு முரணானதென 1954 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அழுத பிள்ளைக்கே பால் என்பர். அமெரிக்க ஆட்சிக்கும் இது பொருந்தும். பணமும் ஒழுங்கமைப்பும் உடையோரின் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. சிதறிக் கிடப்போரின் துயர் சபையை எட்டுவதில்லை. இக்குறைக்கு மருந்து குழுக்களைத் தடை செய்வதன்று; தடை செய்யின் முறையிடும் உரிமையே மாயும். மதுவிலக்கை எதிர்த்தோரும் காலப்போக்கிற் சங்கம் அமைத்தே போராடினர். 1933 ஆம் ஆண்டில் 21 ஆவது திருத்தம் அதனை நீக்கிற்று. வாக்குச் சீட்டு ஒரு நாளைய ஆயுதம். எஞ்சிய நாட்களில் ஒன்றுகூடாத மக்களுக்காக, ஒன்றுகூடிய பிறரே முடிவெடுப்பர்.