தன்னைத் தானே அளத்தல்



பழனியை அடுத்த ஐவர்மலையில் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்ததைக் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கிறது. அவரைக் குணவீரக் குரவரின் மாணாக்கர் என்றே அது குறிக்கிறது. ஆசிரியரைப் போற்றும் இச்சமயம், பிழையை உணரும் பொறுப்பை அவரிடம் மட்டும் விடவில்லை. தன் குற்றத்தைத் தானே கண்டு, ஒப்பி, மீள்வதே பிரதிக்கிரமணம்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007 முதல் பரவிய செயல்வழிக் கற்றலிலும், குழந்தை கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியை அறிந்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்தது.

இல்லங்களிலோ "எத்தனை மதிப்பெண்?" என்னும் வினாவே முந்துகிறது. அஞ்சிய பிள்ளை விடைத்தாளை மறைக்கிறது. மறைத்த பிழை திருந்துவதில்லை. "எது விளங்கிற்று? எங்கே இடறினாய்? இனி என்ன செய்வாய்?" என வினவுக. விடையைப் பிள்ளையே எழுதட்டும். உண்மை சொன்ன பிள்ளையைக் கடியாதிருத்தல் பெற்றோரின் நோன்பாகுக.