பையில் அடங்கும் கணக்குப் பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசிய உரை)



வெளியே எடுத்துப் போக ஒரு சின்ன மடிக்கணினியைக் குறைந்த விலையில் பார்த்து வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் ஒரு தடவை நல்லாத் தப்பு பண்ணினவள் நான். அதனாலதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன். தலைக்கு மேலே விமானம் போகும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக்குவேன். நம்ம ஊர்ப் பழக்கம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மடிக்கணினி எதற்கு, நோட்டுப் புத்தகம் போதாதா என்று கேட்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டேன். அன்றைக்கு அடையாறு கரை மீறியது. அப்போது எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில், ஒரே வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தன. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தோம். சேறும் கூழுமாக இருந்தது. மை கரைந்து எல்லாப் பக்கமும் ஒரே நீலம்.

வங்கியில் மொத்த இருப்பு எவ்வளவு என்று தெரிந்தது. அதில் யாருடையது எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. பாதிப் பேருடைய பாஸ்புக்கும் போய்விட்டது. ஒரு பெரியம்மா தன் சேமிப்பு ஆறாயிரத்துச் சொச்சம் என்றார். எங்கள் நினைவுக்கு ஐயாயிரத்துக்கு மேல் வரவில்லை. மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில் குழு சொன்ன தொகையை வாங்கிக்கொண்டு, "என் பணத்தைத் தண்ணி கொண்டுபோகலம்மா, நீங்க கொண்டுபோனீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை. அவர் சொன்னது சரியா, நாங்கள் சொன்னது சரியா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் என் மகளுடைய அரசு மடிக்கணினியை எடுத்துக் கணக்கை ஏற்ற ஆரம்பித்தேன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. நம்மில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். நல்ல மிஷின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 14 அங்குலத் திரை, சார்ஜரோடு சேர்த்தால் ஒரு பக்கத் தோள் இறங்கிப்போகும். பேட்டரியும் வயதாகி அரை மணி நேரம்தான் நின்றது. விடியல் பயணத்துக்கு முந்தின காலம் அது. டிக்கெட் எடுத்து, நெரிசலில் நின்று, அதைத் தூக்கிக்கொண்டு பல்லாவரம் போய் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

2018இல் நான்தான் கூட்டத்தில் பேசினேன்: "சின்னதா, லேசா, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்." விலை பதினான்காயிரம் சொச்சம். ஒரு கிலோ சுமார். பார்க்க அவ்வளவு அழகு. கடைக்காரர் விண்டோஸ் இருக்கிறது, தமிழ் வருகிறது என்று காட்டினார். நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி, உள்ளே இடம் எவ்வளவு? 32 ஜிபி. அதில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்துகொண்டது. நாலு மாதத்தில் அப்டேட் வந்தது, இறங்க இடமில்லை. கணக்குக் கோப்பை பென்டிரைவுக்கு மாற்றினேன். அப்படியும் போதவில்லை.

2019 ஜூனில் இரண்டு குழுக்களின் வங்கி இணைப்புக் கடனுக்காகப் பட்டியலோடு வங்கிக்குப் போயிருந்தோம். மிஷினைத் திறந்தேன். அப்டேட் என்று சுற்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பட்டியல் அதற்குள்ளே, நாங்கள் வெளியே. அன்றைக்கு நடக்க வேண்டிய வேலை ஒரு மாசம் தள்ளிப்போனது. அந்தக் கடனை நம்பி மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட இருந்த ஒரு தங்கச்சி, நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு வெளியில் வாங்கினாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

கூட்டத்தில் எழுந்து, தப்பு என்னுடையது, பணத்தைத் தவணையாகத் தந்துவிடுகிறேன் என்றேன். பொருளாளர் அக்கா, "பணம் வேணாம். நஷ்டம்னு எழுதி, ஏன் நஷ்டம்னு காரணத்தையும் எழுது. அடுத்து வாங்குறவங்க படிக்கட்டும்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. இன்றைய உரையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

போன வருஷம் மறுபடி வாங்க வேண்டி வந்தது. பழைய மிஷினில் இருந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நிற்கப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. மூன்று பேராகப் போனோம். போகும் முன்பே, இதில் என்ன வேலை செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதினோம். கணக்குத் தாள், தமிழ்க் கடிதம், வங்கி இணையம், மேளாவுக்குப் போகும்போது ஸ்டாக் பட்டியல். படம் பார்ப்பதோ விளையாட்டோ பட்டியலில் இல்லை. லோக்ஓஎஸ் மாதிரிச் செயலிகளுக்குக் கைபேசியே போதும்.

ரிச்சி தெருவில் மூன்று வகை பார்த்தோம்.

முதலாவது, புத்தம்புது குட்டி மிஷின்கள். சின்ன மடிக்கணினி ஒன்றும் புதுசு இல்லை. 2007இலேயே தைவானின் ஏசுஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையோடு ஈ பிசி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கும் கீழே, உள்ளே இடம் வெறும் 4 ஜிபி. இங்கே 2023இல் வந்த ஜியோபுக்கின் அப்போதைய விலை 16,499 ரூபாய், 11.6 அங்குலம், 990 கிராம், 64 ஜிபி. படிக்கிற பிள்ளைகளுக்கு வசதிதான். ஆனால் அதில் இருப்பது ஜியோ ஓஎஸ், விண்டோஸ் இல்லை. நம் கணக்குத் தாள் அப்படியே ஓடுமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. விண்டோஸ் 11க்கு நிறுவனமே சொல்லும் குறைந்த அளவு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். குறைந்த அளவு என்றால் உள்ளே நுழைய விடுவார்கள் என்று அர்த்தம், உட்கார நாற்காலி கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை.

இரண்டாவது, முப்பதாயிரத்துக்கு மேலே போகும் 15 அங்குலப் புது மிஷின்கள். வீட்டில் வைத்துக்கொள்ள நல்லது. தூக்க முடியாது, பட்ஜெட்டும் தாங்காது.

மூன்றாவது, கம்பெனிகளில் ஓடி முடித்துச் சரிபார்த்து விற்கும் 12.5 அங்குல ஆபீஸ் மிஷின்கள். இதைத்தான் எடுத்தோம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பத்தொன்பதாயிரத்துக்கு முடிந்தது.

பழசு வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள், கூச்சப்படாதீர்கள். புடவைக் கடையில் உட்காருகிறோம் இல்லையா? ஒவ்வொரு எழுத்துச் சாவியையும் தட்டிப் பாருங்கள். மூடித் திறந்து கீல் ஆடுகிறதா பாருங்கள். உங்கள் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் ஓட்டுங்கள். அணைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். பழைய கம்பெனி பாஸ்வேர்டு கேட்டால் எழுந்துவிடுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். செய்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது, இரண்டும் வரும். பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லும், எழுத்தில் வாரண்டியும் வாங்காமல் வராதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் குழுப் பணத்தில் வாங்கும் பொருளுக்குப் பில் இல்லை என்றால் தணிக்கைக்கு என்ன பதில் சொல்வோம்?

எடையைச் சார்ஜரோடு பாருங்கள். நாங்கள் காய்கறிக் கடைத் தராசில் வைத்தோம். ஒன்றரை கிலோ வந்தது. கைபேசிக்குப் போடும் டைப்-சி துளையிலேயே சார்ஜ் ஏறுகிற மாதிரி பார்த்து எடுங்கள், தூக்கும் சுமை குறையும். மேளாவுக்கு ராத்திரி ரயிலில் போகிறவர்கள் பகலிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். பல ரயில்களில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜ் இணைப்பை நிறுத்திவிடுவார்கள். விமானத்தில் போகிற யோகம் வந்தால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எவ்வளவு நல்ல மிஷினும் தண்ணீரில் விழுந்தால் தகரப் பெட்டிதான். எங்கள் கணக்கு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று மடிக்கணினியில். ஒன்று மாடி வீட்டில் இருக்கும் செயலாளர் அக்காவிடம் பென்டிரைவில். ஒன்று இணையத்தில். பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத் தெரியும், மிஷின் மேல் ஒட்டி வைக்கவில்லை. பேரேடும் நடக்கிறது, அதை விடவில்லை.

முடிக்கிறேன். முதலில் சொன்னேனே, அந்தப் பெரியம்மா. அவர் மருமகள் இந்த வருஷம் ஒரு குழுவில் சேர்ந்தாள். போன மாசம், "அக்கா, அத்தை கணக்கைப் பார்க்கணும்னு சொல்றாங்க" என்றாள். பையில் மிஷினைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வைத்துத் திறந்தேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "படி" என்றார். மருமகள் பெயர், எந்த மாதம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எல்லாம் படித்தேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மூடிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தேன்.

உள்ளேயிருந்து காபி வந்தது.