பொற்கிழி தருமிக்கே!



ஐம்பது ஆண்டுகள் திரையில் நின்ற ஒரு கலைஞரின் நடிப்பில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அது எளிய வேலையல்ல. அதுவும் அந்தக் கலைஞர் நாகேஷ் என்றால், ஒன்றை எடுக்கும்போதே ஒன்பது கை நழுவிப் போகும். அதற்காகப் பின்வாங்கிவிடவும் முடியாது. "எல்லாமே பிடிக்கும்" என்பது பாராட்டுப் போலத் தோன்றும். உண்மையில் அது பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழி. ஒன்றைச் சுட்டிக்காட்டி, ஏன் அது என்று காரணம் சொல்லும்போதுதான் அந்தக் கலைஞரைச் சரியாகப் பார்த்தவர்கள் ஆகிறோம்.

முதலில் போட்டியில் இருக்கும் வேடங்களைப் பார்ப்போம்.

1964ஆம் ஆண்டு வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. படம் எடுத்தே தீருவேன் என்று அலையும் செல்லப்பா, தன் தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்தவர் யார்? அதே ஆண்டில் வந்தது 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் கதை, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். சாப்பாட்டுக் கடைப் பணியாளன் ஒருவன் புகழ்பெற்ற நடிகனாகி, அந்தப் புகழாலேயே தனிமைப்பட்டுப் போகும் கதை. 1968இல் 'எதிர்நீச்சல்' மாது. மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்யும் அநாதை. அதே ஆண்டில் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. சிரித்துக்கொண்டே குழி பறிக்கும் அந்த மனிதரை இன்றும் ஊருக்கு ஒருவராகப் பார்க்கலாம்.

பிற்காலத்திலும் குறைவில்லை. 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது பிணத்தின் வேடம். வசனம் இல்லை, கண்ணசைவு இல்லை, அரங்கம் சிரித்தது. அதே ஆண்டில் 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்து நிலைகுலையும் பேராசிரியர் பிரபாகர் ராவ். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது.

இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் ஒரே ஒரு வேடத்தை வைக்கலாம். 1965ஆம் ஆண்டு, ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் வரும் ஏழைப் புலவர் தருமி. தராசு தருமியின் பக்கமே சாய்கிறது.

"அது படத்தின் ஒரு பகுதியில் மட்டும் வரும் சிறு வேடமாயிற்றே, முழுப் படத்தையும் தாங்கிய சுந்தரத்தை விட்டுவிட்டு இதையா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நடிப்பை நிமிடக் கணக்கில் அளப்பதைவிட, வேறோர் அளவுகோல் பொருத்தமாக இருக்கும். கதை கொடுத்தது எவ்வளவு? நடிகர் தம் கையிலிருந்து போட்டது எவ்வளவு?

சுந்தரத்துக்குக் கதையே கண்ணீரைக் கொடுத்துவிடுகிறது. கைகூடாத காதல் இருக்கிறது, தாய்ப்பாசம் இருக்கிறது. பிரபாகர் ராவுக்கு மகளின் மரணம் இருக்கிறது. இந்தச் சோகங்களை நாகேஷ் அற்புதமாகத் தாங்கினார் என்பதில் ஐயமில்லை. தருமிக்குக் கதை கொடுத்தது என்ன? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்' இருக்கிறது. அங்கே தருமி பெற்றோரை இழந்த இளைஞன். திருமணம் செய்துகொள்ளப் பொருள் வேண்டி இறைவனிடம் முறையிடுகிறான். பாட்டு கிடைக்கிறது, சபைக்குப் போகிறான், அங்கே தடை வந்ததும் இறைவனிடம் ஓடி வருகிறான். பெரியவர்கள் மோதிக்கொள்ளும் கதையில் அவன் ஒரு தூதன், அவ்வளவே.

அந்தத் தூதனுக்கு நாகேஷ் ஒரு வயிற்றைக் கொடுத்தார். அந்த வயிற்றுக்குள் பசியை வைத்தார்.

பாண்டியனின் ஐயத்தைத் தீர்த்துப் பாடுவோருக்கு ஆயிரம் பொன் என்ற அறிவிப்பு வந்த பின், தருமி ஆலயத்தில் தனியே புலம்பும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கைகள் ஒரு பக்கம் போகின்றன, கால்கள் ஒரு பக்கம் போகின்றன. ஆயிரம் பொன் தனக்குக் கிடைத்துவிட்டது போலவே ஒரு கணம் முகம் மலர்கிறது. அடுத்த கணம், எவனோ கொண்டுபோகப் போகிறான் என்று வாடிவிடுகிறது. திரையரங்கம் குலுங்கிச் சிரித்த காட்சி அது. ஆனால் அங்கே நடப்பது என்ன? கையில் காசில்லாத ஒரு மனிதன், வராத பணத்துக்குக் கணக்குப் போடுகிறான். சம்பள நாளுக்கு முன்தினம் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். சிரித்தவர்கள் தங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

அடுத்து வருகிறார் சிவபெருமான், புலவர் வடிவில். நடிப்பவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். அவர் எதிரே நின்றால் பெரிய நடிகர்களே கொஞ்சம் ஒடுங்கிப்போன காலம். நாகேஷ் என்ன செய்தார்? போட்டிக்குக் குரலை உயர்த்தவில்லை. சிவாஜி மலைபோல் அசையாமல் நிற்க, அந்த மலையைச் சுற்றி அணில்போல் ஓடினார். கேள்வி கேட்கத்தான் தெரியும் என்று தருமி ஒப்புக்கொண்டு கேள்விகளை அடுக்க, சிவன் பதில்களைத் தொடுக்க, அந்த உரையாடல் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே ஒலித்து, படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆனது. படத்தொகுப்பில் இந்தக் காட்சியைக் குறைக்க வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகப் பிற்காலத்தில் நாகேஷ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனாலும், தருமிக்குப் பொற்கிழியைப் பெற்றுத் தரும் இடம் இதுவல்ல. அது சபையில் இருக்கிறது.

பாட்டைப் படித்தாயிற்று. முத்துராமன் நடிக்கும் பாண்டிய மன்னன் மகிழ்ந்தாயிற்று. பொற்கிழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது எழுகிறார் நக்கீரர். அந்த வேடத்தில் இயக்குநர் நாகராஜனே நடித்தார். பாட்டில் பிழை இருக்கிறது என்கிறார் அவர். பிழைக்கு ஏற்றபடி பரிசைக் குறைத்துக்கொள்ளலாமே என்று தருமி கேட்கும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அந்த முகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். அதில் நகைச்சுவை இல்லை. ஆயிரம் வேண்டாம், ஐந்நூறாவது கொடுங்கள் என்று இறங்கிவரும் ஏழையின் பேரம் இருக்கிறது. இரவல் பாட்டு வெளுத்துவிடுமோ என்ற பயமும், சபையில் அவமானப்பட்ட கூச்சமும் இருக்கின்றன. சிரிப்பை நிறுத்தாமலே இவ்வளவையும் காட்டுவது, அழுது காட்டுவதைவிடக் கடினம்.

எங்கிருந்து வந்தது இது? 1933இல் பிறந்தவர் நாகேஷ். தாராபுரத்துக்காரர். வீட்டில் பேசிய மொழி கன்னடம். முகத்தில் அம்மைத் தழும்புகள், ஒல்லியான உடம்பு. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே நாடக மேடையில் வாய்ப்புத் தேடியவர். பெரியவர்கள் வீற்றிருக்கும் சபையின் வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2009 ஜனவரி 31ஆம் நாள் நாகேஷ் மறைந்தார். பத்ம விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. கிடைத்த தேசிய விருதும் அழ வைத்த வேடத்துக்குத்தான் கிடைத்தது. சிரிக்க வைத்த வேடங்களுக்கு அல்ல. அழுகையை நடிப்பென்றும் சிரிப்பை இடைவேளை என்றும் எண்ணும் பழக்கம் விருதுக் குழுக்களுக்கு மட்டும் உரியதல்ல, ரசிகர்களிடமும் உண்டு. தருமியைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கணக்கைத் திருத்துவதற்கும்தான்.

கதையின் முடிவில் நக்கீரர் மீண்டு வருகிறார், இறைவன் அருள் செய்கிறார், பொற்கிழி அந்த ஏழைப் புலவருக்கே போய்ச் சேருகிறது. அடுத்த முறை தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' ஓடும்போது நெற்றிக்கண் திறக்கும் காட்சியோடு எழுந்து போய்விடாதீர்கள். ஆயிரம் பொன் தருமியின் கைக்கு வரும்வரை உட்கார்ந்திருங்கள். நமக்கே கிடைத்தது போல் ஒரு நிம்மதி வருகிறதா என்று பாருங்கள்.